நடை முடிந்ததும் வரும் பசி

நடைப்பயிற்சி முடிந்த முதல் அரை மணி நேரத்தில் வரும் பசியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கி, வீடு வந்து குளித்த பிறகும் அந்தப் பசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். பெரும்பாலான நாட்களில் அது காலைச் சாப்பாட்டுக்குரிய வழக்கமான அளவில்தான் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மட்டும் இதைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கான விதி வேறு; அதைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அந்தப் பகுதியை முதலில் படித்துவிட்டு இங்கே வரட்டும்.

மதுரையில் நடக்கிறவர்களுக்குக் குறைவில்லை. விடியும் முன்பே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு கூட்டம், ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு கூட்டம், சுற்றுச்சூழல் பூங்காவில் ஒரு கூட்டம். இவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் குறை ஒன்றுதான்: "நடந்தா பசி கூடுதுங்க. பசி கூடினா சாப்பாடு கூடுது. அப்புறம் எதுக்கு நடக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்கு முழுமையாகப் பதில் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

வயிற்றுக்குள் நடப்பது

பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் அதை அடையாளம் கண்டார்கள். சாப்பாட்டு வேளை நெருங்கும்போது அது இரத்தத்தில் ஏறும்; சாப்பிட்டதும் இறங்கும். மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடினாலோ சைக்கிள் மிதித்தாலோ, சாப்பிடாமலேயே அதன் அளவு குறைகிறது. கூடவே, போதும் என்று மூளைக்குச் சொல்கிற ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் போன்ற குடல் ஹார்மோன்கள் உயர்கின்றன. இப்போது எடை குறைக்கும் ஊசியாகப் பேசப்படும் செமாகுளுடைட், இந்த ஜி.எல்.பி-1 செய்கிற வேலையைத்தான் செய்கிறது. குடலுக்குப் போகிற இரத்தத்தில் ஒரு பங்கும் அந்த நேரத்தில் தசைகளுக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே கடும் பயிற்சிக்குப் பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை பலருக்குச் சாப்பாட்டில் நாட்டமே இருக்காது. செல்லூரில் கபடி ஆடிவிட்டு வரும் பையனிடம் ஆடிய சூட்டில் இட்லித் தட்டை நீட்டினால், தண்ணீர்ச் செம்பைத்தான் தேடுவான்.

2022இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, பேய்லர் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இதற்கு இன்னொரு காரணத்தையும் கண்டார்கள். கடுமையாக உழைக்கும்போது உடலில் சேரும் லாக்டேட், ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து லாக்-ஃபே என்றொரு பொருளாகிறது. கொழுத்த எலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றியபோது, அடுத்த 12 மணி நேரத்தில் அவை தின்ற தீனி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பந்தயக் குதிரைகளுக்கும் மனிதர்களுக்கும் ஓட்டத்துக்குப் பின் இதே பொருள் இரத்தத்தில் உயர்ந்தது.

இதெல்லாம் வேகமான உழைப்புக்கு. நம்மில் பலர் நடப்பதோ பேத்தி கல்யாணத்தையும் வார்டு அரசியலையும் பேசிக்கொண்டு போகிற நடை. அந்த வேகத்தில் பசி பெரிதாக அடங்காது. பெரிதாகக் கிளம்பவும் செய்யாது. அப்படியானால் கடைசிச் சுற்றில் வயிறு கபகபவென்று கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?

கரையோர டீக்கடை

தெப்பக்குளத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நான்கு சுற்று முடியும்போது மணி ஆறே முக்கால். டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஆமவடை அரித்தெடுக்கப்பட்டு, பழைய செய்தித்தாள் விரித்த தட்டில் விழுகிறது. சோம்பும் பூண்டும் கருவேப்பிலையும் கலந்த வாசம் ரோட்டைத் தாண்டி வருகிறது. "அண்ணே, இப்பத்தான் எடுத்தது, ரெண்டு எடுத்துக்கங்க." உடன் நடந்தவர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். மறுக்க முடியுமா?

கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 50 கலோரி. நான்கு சுற்றுக்கு 200. ஒரு ஆமவடை, அளவைப் பொறுத்து, 100 முதல் 150 கலோரி. சர்க்கரை போட்ட பால் டீ 80க்குக் குறையாது. இரண்டு வடையும் ஒரு டீயும் சேர்ந்தால் நடந்து செலவழித்ததைத் தாண்டிவிடும். வீட்டில் காலைப் பலகாரம் இனிமேல்தான்.

இதில் உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. கிரெலின் நேரத்துக்குப் பழகும். தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோமோ, அதற்குச் சற்று முன்பே அது ஏறத் தொடங்கும். ஒரு மாதம் ஆறே முக்காலுக்கு வடை தின்றவருக்கு, அடுத்த மாதம் ஆறரைக்கே வயிறு கேட்கும். கேட்பது நிஜமான பசிதான். ஆனால் நடை கொண்டுவந்த பசி இல்லை, வடை பழக்கிய பசி. பழக்கியதை மாற்றிப் பழக்கலாம். ஒன்றிரண்டு வாரம் அந்த நேரத்தில் தண்ணீர் மட்டும் குடித்துப் பாருங்கள். முதல் சில நாட்கள் நாக்கு நமநமக்கும், பிறகு அடங்கும். நண்பர்களோடு உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட வேண்டாம். நடையை நீடிக்க வைப்பதே அந்தப் பேச்சுத்தான். கடை வாசலில் நிற்பதற்குப் பதில் குளத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக உட்காருங்கள். டீ இல்லாமல் ஆகாதென்றால் சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள்.

காலை வண்டிகளில் கிடைக்கும் பருத்திப்பால் நல்ல உணவுதான். வெல்லமும் தேங்காயும் அரிசி மாவும் சேர்ந்தது அது. ஒரு டம்ளர் குடித்தால் அதைப் பலகாரத்தில் பாதியாகக் கணக்கு வையுங்கள். குடித்துவிட்டு வீட்டில் வழக்கமான ஐந்து இட்லியையும் சாப்பிட்டால்தான் சிக்கல்.

இன்னொரு பக்கம், சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று நடந்துவிட்டுக் காலைச் சாப்பாட்டையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இவர்களுக்கானது. 12 இளைஞர்களை ஒரு நாள் 90 நிமிடம் ஓடவிட்டார்கள். இன்னொரு நாள் ஓட்டமில்லாமல், அதே அளவு கலோரியைச் சாப்பாட்டில் குறைத்தார்கள். பற்றாக்குறை இரண்டு நாளும் ஒன்றுதான், ஆயிரம் கலோரிக்கு மேல். சாப்பாட்டைக் குறைத்த நாளில் பசியும் கிரெலினும் ஏறின. பிறகு கிடைத்த உணவை அதிகமாகத் தின்றார்கள். ஓடிய நாளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பற்றாக்குறை தட்டில் ஏற்பட்டால் உடல் உடனே கேட்கிறது. உழைப்பில் ஏற்பட்டால் அன்றைக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. எனவே காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி, சாம்பார், கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். புரதம் சேர்ந்த சாப்பாடு பதினோரு மணிக்கு வரும் அடுத்த வடையையும் தள்ளிப்போடும்.

கல்லாவில் உட்கார்ந்தவரின் பசி

நடந்தால் பசிக்கும், சும்மா இருந்தால் பசிக்காது என்பது நம் எல்லோருடைய எண்ணம். அது பாதிதான் சரி என்பதைக் காட்டிய ஆய்வு நம் நாட்டில்தான் நடந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ழான் மேயர், ராய், மித்ரா என்ற இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து, மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் கணக்கெடுத்தார். முடிவு 1956இல் வெளியானது. மூட்டை தூக்குகிறவர், நிலக்கரி அள்ளுகிறவர், தறி பார்க்கிறவர், எழுத்தர், நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி என எல்லா வகை ஆட்களும் அதில் இருந்தார்கள். இலேசான வேலையிலிருந்து கடினமான வேலைக்குப் போகப் போக, சாப்பாடு உழைப்புக்கு ஏற்றபடி கூடியது. எடை பெரிதாக மாறவில்லை. இது எல்லோரும் எதிர்பார்த்தது. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை பார்த்தவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம்.

அதாவது, கொஞ்சமாவது அசைகிற உடலில்தான் பசியும் தேவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. அசைவு ஒரு அளவுக்குக் கீழே போனால் பசியின் பிடி தளர்ந்துவிடுகிறது; தேவையில்லாமலேயே கேட்கிறது. சுமார் அறுபது ஆண்டு கழித்து, 2015இல், அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட இளம் வயதினரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வும் இதே திசையில்தான் காட்டியது: மிகக் குறைவாக அசைந்தவர்களுக்கே கொழுப்புக் கூடியது.

தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளிலும் விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளிலும் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பதுவரை கல்லாவில் உட்காருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு வடை, நான்கு மணிக்குப் பஜ்ஜி, ஆறு மணிக்குப் பணியாரம். பசித்துத்தான் சாப்பிடுகிறேன் என்று அவர் சொன்னால் பொய் இல்லை. 2014இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று சொன்னது. அவர்களுக்கெல்லாம் இந்தப் பகுதி பொருந்தும்.

கல்லாவில் இருக்கிறவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது. பத்து நிமிடம் மூன்று முறை கிடைக்கும். பதினோரு மணி வடைக்குப் பையனை அனுப்பாமல் நீங்களே எழுந்து ஒரு வீதி நடந்துவிட்டு வாருங்கள். நம் ஊரின் அமைப்பே இதற்கு வாகானது. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள் போகின்றன. கையில் இருக்கும் நேரத்துக்கு ஏற்ற சுற்றைத் தேர்ந்துகொள்ளலாம். திரும்பி வந்த பிறகும் வடை வேண்டுமென்றால் ஒன்று சாப்பிடுங்கள். பல நாள் வேண்டியிருக்காது.

வயலை விட்டு வந்தவரின் தட்டு

சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் நடவுக்குப் போகிற பெண்கள் கருக்கலிலேயே தூக்குவாளியோடு கிளம்புகிறார்கள். ஒரு வயலாவது நட்டு முடித்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து பழைய சோறும் வெங்காயமும் துவையலும். அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூட வீணில்லை; மேயர் கண்ட உழைப்பாளியின் பசி அதுதான். அவர்கள் யாரும் இந்த அத்தியாயத்தைப் படித்துச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதில்லை. கூட ஒரு முட்டையோ கடலையோ கிடைத்தால் நல்லது.

கவனிக்க வேண்டியவர்கள், அந்த வேலையை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள். உழவை விட்டுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக உட்காருகிறார் ஒருவர். வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களை ஏழு நாள் அசைவில்லாமல் இருக்கவைத்து, வேண்டியதைச் சாப்பிடவிட்டார்கள். உழைப்பு குறைந்ததற்கு ஏற்பச் சாப்பாட்டை அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. மிச்சம் முழுக்க உடம்பில் தங்கியது. ஏற்றுவதற்குத் தயங்காத பசி, இறக்குவதற்குத் தயங்குகிறது. எனவே வேலை மாறிய மாதத்திலேயே தட்டை அறிந்து மாற்ற வேண்டும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கீரை, அவரை, பூசணி, சுரைக்காய்க் கூட்டில் இரண்டு கரண்டியைக் கூட்டுங்கள். வயிறு நிறைவது முன்போலவே நிறையும்.

இரவு ஜிம், பத்து மணிப் புரோட்டா

இளைஞர்களுக்கு இது முக்கியம். வேலை முடிந்து ஏழரைக்கு ஜிம்முக்குப் போய், எட்டரை ஒன்பதுவரை பளு தூக்குகிறார்கள். முடிந்த உடனே பசி இல்லை. அது ஏன் என்று மேலே பார்த்தோம். வீட்டில் அம்மா எடுத்துவைத்த சாப்பாட்டை "அப்புறம் சாப்பிடுறேம்மா" என்று தள்ளிவிடுகிறார்கள். அடங்கியிருந்த பசி பத்து மணிக்குத் திரும்ப வருகிறது, முழு வேகத்தில். வேறு ஊராக இருந்தால் அந்நேரம் கடை மூடியிருக்கும். இது மதுரை. பத்து மணிக்குத்தான் கொத்துப் புரோட்டாக் கல்லின் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறது. ஒரு புரோட்டா சுமாராக 200 முதல் 300 கலோரி. மூன்று புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட் என்று முடித்துவிட்டு, மேலே ஒரு ஜிகர்தண்டா.

நான் புரோட்டாவுக்கு எதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நன்றாகச் சாப்பிடட்டும். இரவு ஜிம் போகிற நாட்களில் மட்டும் வரிசையை மாற்றுங்கள். ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்பு, ஆறு ஆறரைக்கு, ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். முடித்து வந்ததும், பசி இல்லாவிட்டாலும், ஒன்பதரைக்குள் வீட்டுச் சாப்பாடு: நான்கு இட்லியோ இரண்டு தோசையோ, இரண்டு முட்டை, இல்லையென்றால் கொண்டைக்கடலைக் குழம்பு. இந்த ஒரு வேளை மட்டும் பசிக்காகக் காத்திருக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

தூக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து நடக்கப் போவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியான ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கிரெலின் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியது, இனிப்பு மேலும் மாவுப் பண்டங்கள் மேலும் ஆசை கூடியது. தூக்கத்தை வெட்டி எடுத்த நேரத்தில் நடப்பது, பசியைப் பொறுத்தவரை நஷ்டம். ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு மாலையில் நடங்கள்.

வெயிலும் கிணறும்

சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பசி தானாகக் குறையும். சூடேறிய உடல் சாப்பாட்டை ஒதுக்கி நீரைக் கேட்கும். அந்த மாதங்களில் நடை முடிந்ததும் நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நுங்கு, இவையே முதலில். தாகத்தைப் பசியென்று எண்ணிச் சாப்பிட்டுவிட வேண்டாம்.

கிணற்று நீச்சல் இதற்கு நேர் எதிர். அலங்காநல்லூர்த் தோப்புக் கிணறுகளில் ஒரு மணி நேரம் குதித்து விளையாடிய பிள்ளைகள், கரையேறிய உடனே சோறு கேட்பார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2005இல், தண்ணீருக்குள் அமர்ந்து சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்தார்கள். குளிர்ந்த நீரில் மிதித்தவர்கள், வெதுவெதுப்பான நீரில் மிதித்தபோது சாப்பிட்டதைவிட 44 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். செலவான கலோரியோ ஏறக்குறைய ஒன்றுதான். எடை குறைக்க நீச்சலைத் தேர்ந்தவர்கள் கையோடு சுண்டலோ கேழ்வரகுக் கூழோ கொண்டுபோவது நல்லது. ஒல்லியான பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவலையை விட்டு நீந்தவிடலாம், பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றால்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றை எடுப்பவர்களுக்கு நடையின்போதோ நடந்த பிறகோ திடீர்ப் பசி, கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் அது சர்க்கரை தாழ்வதன் அறிகுறி. அரை மணி காத்திருக்கும் விதி உங்களுக்கு இல்லை. அங்கேயே உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுகோஸோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. சரியானதும் சாப்பிடுங்கள். வடையோ சாக்லேட்டோ இதற்கு உதவாது, எண்ணெயும் கொழுப்பும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். சட்டைப்பையில் குளுகோஸ் பொட்டலம் இல்லாமல் நடக்கப் போகாதீர்கள். வாரத்தில் இரண்டு முறை இப்படி ஆனால், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நடையை நிறுத்தாதீர்கள்.

ஆளுக்கு ஆள் மாறுவது

ஒரே நடை இருவருக்கு ஒரே பலனைத் தராது. 2008இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், எடை கூடிய 35 பேர் 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 500 கலோரி செலவாகும்படி மேற்பார்வையில் பயிற்சி செய்தார்கள். சராசரியாக 3.7 கிலோ குறைந்தது. ஒருவருக்கு 14 கிலோவுக்கு மேல் குறைந்தது; இன்னொருவருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறியது. குறையாதவர்களிடம் பசியும் சாப்பாடும் கூடியிருந்தன. அதே குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட செய்தி எனக்கு நம்பிக்கை தருவது. பயிற்சி தொடர்ந்தபோது சாப்பாட்டுக்கு முந்தைய பசி கூடியது. ஆனால் சாப்பிட்ட சாப்பாடு முன்பைவிட நன்றாக வயிற்றை நிறைத்தது. பசிக்கிறதே என்று பயந்து நிறுத்தியவர்கள், இந்த இரண்டாவது பலன் வரும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதமாவது கொடுங்கள். எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பாமல், தொப்புளுக்கு நேரே ஒரு கயிற்றால் இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள்; மாதம் ஒருமுறை அதே கயிற்றால் பாருங்கள்.

பசி குறைந்துபோன வீட்டுப் பெரியவர்களுக்கு இதே அறிவைத் திருப்பிப் பயன்படுத்தலாம். "பசியே இல்லப்பா" என்று இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடும் அப்பாவையோ அம்மாவையோ, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மெதுவாகத் தெருவில் ஒரு நடை கூட்டிப்போங்கள். முடியாதென்றால், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை. மூச்சு வாங்கும் அளவுக்கு வேண்டாம். அது இருக்கும் பசியையும் அடக்கிவிடும். சாப்பாட்டு வேளையை நாள்தோறும் ஒரே நேரத்தில் வையுங்கள், தனியாக உட்கார வைக்காமல் கூடவே சாப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டாலோ, வேட்டி இடுப்பில் நிற்காமல் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, நடையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.